சிறிய வீட்டுக்கு நியாயமான வரியா?

கேள்வி: திண்டுக்கல் மாநகராட்சியின் சொத்து வரியில் ஏழைகளுக்கு நியாயம் இருக்கிறதா?
– வாசகர், பேகம்பூர்

பதில்: ஓரளவு இருக்கிறது. 2022 சீராய்வில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம்தான் உயர்ந்தது. 1,800 சதுர அடியைத் தாண்டியவற்றுக்கு 100 சதவீதம். இந்தப் படிநிலை சரியானதே. ஆனால் பதிவேட்டில் அளவே தவறாக இருந்தால் என்ன பயன்? உங்கள் வீட்டின் பரப்பளவையும், குடியிருப்பா வணிகமா என்ற வகையையும் முதலில் சரிபாருங்கள். முன்பக்கத்துப் பெட்டிக்கடையை மூடிப் பல வருடமாகியும் வணிகக் கணக்கிலேயே வரி வந்தால், ஆணையருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த அரையாண்டு வரியை முன்கூட்டியே கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. மொத்தமாகப் பணம் வைத்திருப்பவருக்கே அது எட்டும். வாரக்கூலி வாங்கும் தோல் ஷாப் தொழிலாளிக்கு எட்டாது. தவணையில் கட்டுவோருக்கும் அந்தச் சலுகை வேண்டும். மாநகராட்சியின் வரிவிதிப்பு, நிதிக்குழு இதைப் பேச வேண்டும். முடிவெடுக்கும்படி அரசுக்கும் எழுத வேண்டும். உங்கள் பகுதி சபா கூடும்போது கவுன்சிலரிடம் இந்தக் கோரிக்கையை வையுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.