ஒரே வாரத்தில் ஆய்விதழா?

கேள்வி: கணினி வலையமைப்புக் கட்டுரையை ஒரே வாரத்தில் வெளியிடுவதாகக் கூறிக் கட்டணம் கேட்கும் ஆய்விதழை நம்பலாமா?
- வாசகர், எண்ணூர்

பதில்: நம்ப இயலாது. கட்டுரை இதழின் எல்லைக்குள் அடங்குகிறதா என ஆசிரியர் பார்த்தபின், துறையறிந்த இருவரோ மூவரோ அதை மதிப்பிடுவதே சகமதிப்பாய்வு; அவர்கள் ஊதியமின்றித் தம் பணிக்கிடையே படிப்பதால் மாதங்கள் ஆவது இயல்பு. பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகள் எத்தனை தொலைந்தன, எவ்வளவு தாமதித்தன என என்எஸ்-3 என்னும் சிமுலேஷன் மென்பொருளில் அளந்த கட்டுரையாயின், ஒரே ஓட்டத்தின் முடிவு வரைபடமாக்கப்பட்டுள்ளதா, பலமுறை ஓட்டிச் சராசரியும் பிழை வரம்பும் தரப்பட்டுள்ளனவா என்பதை அவர்கள் கூர்ந்து நோக்குவர்; இந்த உழைப்பு ஏழு நாளில் முடிவதன்று. பல்கலைக்கழக மானியக் குழு கேர் எனப்படும் தன் தரமான ஆய்விதழ்ப் பட்டியலை 2025இல் கைவிட்டதால், இதழைத் தேரும் பொறுப்பு உயர்கல்வி நிறுவனங்களிடம் வந்துள்ள நிலையில், ஆசிரியர் குழுவில் காணும் பேராசிரியர்கள் உண்மையில் அதில் இருக்கிறார்களா என அவர்களிடமே கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுவது குறித்து எண்ண வேண்டும்.