வண்டி குலுங்காமல் நிற்க

தள்ளாடியைத் தாண்டிப் பாலத்தால் வேகமாக வந்தாலும், மன்னார் நகருக்குள் கழுதைக் கூட்டத்துக்கு நின்றே ஆகவேண்டும். தலைமன்னார்ப் பக்கம் போனால் புகையிரதக் கடவை. மோட்டார் சைக்கிளை அலுங்காமல் நிறுத்தச் சில வழிகள்:

• முதலில் அக்சிலேட்டரை விட்டு, முன், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள். வேகம் இறங்கிய பிறகே கியர்.

• ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கிளச்சைப் பிடித்து, கியரை மாற்றி, அக்சிலேட்டரைத் துளி முறுக்கி, கிளச்சை மெதுவாக விடுங்கள். வண்டி வெட்டி இழுத்தால், கிளச்சை அவசரப்பட்டு விட்டிருக்கிறீர்கள்.

• நாலாம் கியரிலிருந்து நேரே முதலாம் கியருக்குப் போகாதீர்கள். கிளச்சை விட்டதும் பின் சில்லு இறுகிச் சறுக்கும். காற்றில் மணல் படிந்த வீதியில் இது ஆபத்து; மணலைக் கண்டால், அதற்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள்.

• கிளச்சைப் பிடித்தபடியே நெடுந்தூரம் உருள வேண்டாம். எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்குக்கே.

• நிற்கும் தறுவாயில் கிளச்சைப் பிடித்து முதலாம் கியர். இடக்கால் தரையில், வலக்கால் பின் பிரேக்கில்.

• கழுதை திடீரெனக் குறுக்கே வந்தால் கியரை மறந்துவிடுங்கள். கிளச்சும் இரு பிரேக்குமே போதும்.