நர்ஸிங் சீட்டு: ஊர்ப்பேச்சும் உண்மை நிலவரமும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரமே ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவர்களில் நர்ஸிங் நோட்டீஸ் ஏறிவிடும். ‘சேர்க்கை நடைபெறுகிறது’, ‘சில இடங்களே உள்ளன’, ‘100 சதவீத வேலைவாய்ப்பு’. நூல் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிற அப்பாவும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிற அம்மாவும் நின்று படித்துவிட்டுப் போன் நம்பரைக் குறித்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிகளுக்குக் காஸும் பேண்டேஜும் நெய்து அனுப்புகிற வட்டாரம் இது. மகள் நர்ஸாக வேண்டும் என்ற ஆசை இங்கே பழையது, நல்லதும்கூட. படிப்பைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எந்த வழியாகச் சேருகிறார்கள் என்பதுதான் கவலை. உதவித்தொகை வருமா, வங்கி கடன் கொடுக்குமா, நாலு வருஷம் கழித்து வீட்டில் எவ்வளவு கடன் நிற்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் சேருகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

‘சீட்டு போயிரும், முதல்ல அட்வான்ஸ் கட்டிருவோம்’

அதிக நஷ்டம் தருகிற பேச்சு இதுதான். தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர இரண்டு வழிகள். ஒன்று, மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு சென்னை கீழ்ப்பாக்கத்திலிருந்து நடத்தும் கலந்தாய்வு. அரசு நர்ஸிங் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கிற இடங்களும் இதில் வரும். மற்றது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பிக்கொள்ளும் இடம். வீடு தேடி வருகிற ஏஜென்ட் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைத்தான்.

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். தனியார் கல்லூரியிலும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்தான். இது தெரிந்த வீடுகளிலும் கையை விட்டுப்போவதற்குக் காரணம் நாள் கணக்கு. ஏஜென்ட் மே மாதமே வந்து நிற்பார். கலந்தாய்வோ அதற்குப் பல வாரங்கள் கழித்து நடக்கும். இடைப்பட்ட நாளில் ‘எதுவும் கிடைக்காமப் போயிட்டா?’ என்ற பயம் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது. பத்தாயிரமோ இருபதாயிரமோ கட்டி, அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு மதுரை மருத்துவக் கல்லூரியின் நர்ஸிங் பிரிவிலேயே இடம் கிடைத்தாலும், அந்தக் காகிதங்களை மீட்பதற்குள் சேர்க்கைக்கான நாள் கடந்துவிடலாம்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. உரிய நாளுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. ரசீது இல்லாத ‘டொனேஷன்’ கேட்டால், கட்டாய நன்கொடையைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதல் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து முடிவு தெரியும்வரை அசலைக் கையில் வைத்திருப்பதே மேல். கலந்தாய்வு முடிந்த பிறகும் பல தனியார் நர்ஸிங் கல்லூரிகளில் இடம் இருப்பது வழக்கம்.

இன்னொன்று. 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நாடு முழுவதும் 157 அரசு நர்ஸிங் கல்லூரிகள் தொடங்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் பங்கு 11. 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் அந்த வரிசையில் வந்ததுதான். இந்த வருஷக் கலந்தாய்வு விவரக் குறிப்பேட்டில் விருதுநகர் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்.

‘நர்ஸிங்குக்கும் நீட் எழுதணுமாம்’

தமிழக அரசுக் கலந்தாய்வுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்ஸிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண் கேட்கின்றன. எய்ம்ஸ் தனியாகத் தேர்வு வைக்கிறது. நீட் எழுதவில்லை என்பதற்காக யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

‘ஸ்காலர்ஷிப்பும் லோனும் எப்படியும் கெடைச்சிரும்’

எப்படியும் கிடைக்காது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். அது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவரின் கட்டணத்தை ஏற்காது. ‘முதல்ல சேருங்க, ஸ்காலர்ஷிப்ல கழிச்சுக்கலாம்’ என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, இரண்டாம் வருஷம் முழுக் கட்டணத்தையும் கேட்கும்போது அந்தப் பெண் எங்கே போவாள்? சேருவதற்கு முன் ‘இது கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?’ என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சேர்ந்த வழியைப் பார்க்காமல் கைகொடுக்கிற திட்டமும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மாதா மாதம் பஸ் பாஸ், ரெக்கார்டு நோட்டுச் செலவுக்குத் தாங்கும்.

கல்விக் கடனில், 4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் எதுவும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து அடமானம் கேட்பது முறையல்ல. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும். அதற்குக் கல்லூரி நாக் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும், அல்லது நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்க வேண்டும். ‘லோன் நாங்களே ஏற்பாடு பண்ணித் தாரோம்’ என்று கல்லூரி சொன்னால், கொடுப்பது வங்கியா தனியார் ஃபைனான்ஸா என்று பாருங்கள். ஃபைனான்ஸ் கடனுக்கு இந்த மானியம் எதுவும் வராது.

நோட்டீஸில் இருப்பது முதல் வருஷ டியூஷன் ஃபீஸ் மட்டும். அதற்குக் கீழே ஹாஸ்டல், மெஸ், காலேஜ் பஸ், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், லேப், ‘கிளினிக்கல் ஃபீஸ்’, வெளியூர் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று தனித்தனியாக வரும். படிப்பு எட்டு செமஸ்டர். எட்டுக்கும் சேர்த்து, ஒவ்வொரு வரியும் தனியாகத் தெரியும்படி, கல்லூரி லெட்டர் பேடில் கையெழுத்தோடு வாங்குங்கள். வங்கியும் அதைத்தான் கேட்கும். தர மறுக்கிற கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள்.

‘எந்த நர்ஸிங் படிச்சாலும் நர்ஸ்தானே’

இல்லை. பி.எஸ்ஸி. நர்ஸிங் நாலு வருஷம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று வருஷம். அதற்கு எந்த குரூப் படித்தவரும் 40 சதவீதத்தோடு வரலாம். பிறகு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் முடித்தால் அதே பட்டம் கிடைக்கும். ஏ.என்.எம். இரண்டு வருஷம். இவற்றில் ஒன்றை முடித்தால்தான் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு உண்டு.

‘பத்தாம் வகுப்பு பாஸ் ஆர் ஃபெயில், ஒரே வருஷத்தில் நர்ஸிங்’ என்று மாடி ரூமில் நடக்கிற படிப்புக்குப் பதிவு கிடையாது. அங்கே கிடைப்பது உதவியாளர் வேலைக்கான சான்றிதழ். அந்த வேலையும் மரியாதையான வேலைதான். ஆனால் ‘நர்ஸ்’ என்று சொல்லி விற்பது, ஒரு பிள்ளையின் வாழ்நாள் சம்பளத்தைத் திருடுவது.

‘கட்டடம் பெருசா இருக்கு, நல்ல காலேஜ்தான்’

நர்ஸ் உருவாவது வார்டில். பி.எஸ்ஸி. நடத்துகிற கல்லூரிக்கு 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கு வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதி. செய்முறைப் பயிற்சியில் நூற்றுக்கு நூறு வருகை இருந்தால்தான் பட்டம்.

ஆகவே சேருவதற்கு முன், ஒரு சாதாரண வார நாளில், காலை பதினோரு மணி வாக்கில், அந்த ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பாருங்கள். படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் வரிசையாகக் காலி கட்டில்கள் கிடந்தால், அங்கே ஊசி போடக் கற்றுக்கொள்வது பொம்மையின் கையில்தான். அரசு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறோம் என்றால் எந்த வார்டு, எத்தனை வாரம் என்று கேளுங்கள். பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் இரவு ஷிஃப்ட் பார்த்தார்களா என்பதை, இறுதியாண்டு மாணவிகளிடமே விசாரியுங்கள். பிராஸ்பெக்டஸில் இல்லாதது அவர்களுக்குத் தெரியும்.

வெளிமாநிலக் கல்லூரி என்றால் இரட்டைக் கவனம் தேவை. மத்தியப் பிரதேசத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ. 308 நர்ஸிங் கல்லூரிகளைச் சோதித்ததில், 66 கல்லூரிகள் நடத்தவே தகுதியற்றவை என்று 2024-இல் தெரியவந்தது. சோதிக்கப் போன அதிகாரிகளில் சிலரே லஞ்ச வழக்கில் கைதானார்கள். அங்கே படித்த பிள்ளைகள் என்ன தவறு செய்தார்கள்?

‘முடிச்சா கவர்மென்ட் வேலை, இல்லாட்டி ஃபாரின்’

அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருகிறது. 2015-இல் தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் அவர்கள் போராடினார்கள். கொரோனா வார்டுகளில் நின்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸுகளின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குட்பட்ட சிறு தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-இல் பரிந்துரைத்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டுவிட்டு, அதை வைத்துக் கடன் தவணையைக் கணக்கிடுங்கள்.

வெளிநாட்டுக் கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது. ஆனால் படித்த அன்றே யாரும் கூப்பிடுவதில்லை. வளைகுடா ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கும். ஜெர்மனியில் முழு நர்ஸாக வேலை பார்க்கப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். ஏஜென்டுகள் லட்சக்கணக்கில் வசூலித்த புகார்கள் குவிந்ததால்தான், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை அனுப்புவதை மத்திய அரசு 2015-இல் அரசு நிறுவனங்களின் கைக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978 முதல் இயங்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பதிவு பெற்ற தனியார் ஏஜென்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்க முடியாது. பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன் அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள்.