பெட்டி காலியானால் பழி யார் மேல்?

தேனீ செத்தால் முதல் பழி செல்போன் டவருக்குத்தான். 2006இல் ஜெர்மனியில் கம்பியில்லாத் தொலைபேசியின் அடித்தளத்தைத் தேனீப் பெட்டிக்குள்ளேயே வைத்துச் சிறு சோதனை ஒன்று செய்தார்கள். பத்திரிகைகள் அதை ஊதிப் பெருக்கின. அந்தச் சோதனையில் டவரும் இல்லை, வைரஸும் இல்லை. தேனீயைத் தாக்கும் வைரஸ் பற்றியும் இப்படிச் சில நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: கூட்டில் வைரஸ் நுழைந்தாலே கூடு அழிந்துவிடும்.

உண்மை: நன்றாக இருக்கும் கூட்டிலும் வைரஸ் அடங்கிக் கிடக்கும். ஹவாய் தீவுகளில் இறக்கைச் சிதைவு வைரஸ் முன்பு பத்தில் ஒரு கூட்டில்தான் தென்பட்டது. 2007இல் ஓவாஹு தீவில் வரோவா உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. உண்ணி பரவிய இடங்களில் ஏறக்குறைய எல்லாக் கூடுகளிலும் வைரஸ் ஏறியது. கூட்டுப்புழுவைத் துளைத்து உறிஞ்சும் உண்ணி, வைரஸை நேரே உடலுக்குள் செலுத்திவிடுகிறது. பல வகையாக இருந்த வைரஸில் ஒரே வகை மேலோங்கியது. நம் நாட்டு அடுக்குத் தேனீயோ இந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியது. பிடித்துக் கடித்து உதறத் தெரியும் அதற்கு.

நம்பிக்கை: பூச்சிமருந்து பட்டும் சாகாத தேனீக்குப் பாதிப்பில்லை.

உண்மை: 2013இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதைத் தகர்த்தது. குளோதியானிடின் என்ற மருந்து, கொல்லாத அளவிலேயே தேனீயின் நோய் எதிர்ப்புச் செயல்பாட்டை மந்தமாக்கியது. அடங்கிக் கிடந்த இறக்கைச் சிதைவு வைரஸ் பெருகியது. தேனீ சில நாள் கழித்துச் செத்தால் மருந்தடித்த தோட்டத்தை யார் நினைப்பார்கள்?

நம்பிக்கை: பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு வைத்தால் போதும்.

உண்மை: பாகு தெம்பு தரும், புரதம் தராது. புழு வளர மகரந்தம் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் தேன் பெருகுவது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரால். அதில் மகரந்தம் கிடையாது. மகரந்தம் குறைந்த கூட்டில் எதிர்ப்புச் சக்தியும் குறையும்.

நம்பிக்கை: ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுத்தால் வைரஸ் நோய் சரியாகிவிடும்.

உண்மை: அது பாக்டீரியாவுக்கு, வைரஸை ஒன்றும் செய்யாது. எச்சம் தேனில் தங்கும்.

உண்ணி, பூச்சிமருந்து, தீனி என்று சூழலையே எல்லாவற்றுக்கும் காரணமாக்குவதும் தப்புதான். 1991-92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்து சாக்புரூட் வைரஸ், அடுக்குத் தேனீக் கூடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழித்ததாகக் கணக்கு. கவனமாகப் பராமரித்த பெட்டிகளும் தப்பவில்லை. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் அறைகளிலேயே செத்தன. அதற்கு இன்றும் மருந்தில்லை. ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்துவது, நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டிலிருந்து புது ராணி வளர்ப்பது ஆகியவையே கைகொடுக்கின்றன.