பம்ப் போட்ட பிள்ளையோடு விமானத்தில்

என் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. எங்கள் பக்கத்தில் 'சீனி வருத்தம்' என்றால் வயது போனவர்களுக்கு வருவது என்றுதான் நினைப்பார்கள். பிள்ளையின் இடுப்பில், குழாய் வழியே உடலுக்குள் இன்சுலின் செலுத்தும் பம்பைக் கண்டால் "இதென்ன, போனா?" என்று கேட்பார்கள். அவளுடைய அப்பா கட்டாரில் வேலை செய்வதால் பள்ளி விடுமுறைக்கு டோஹா போய் வருகிறோம். உம்ராவுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகவிருக்கும் சம்மாந்துறை, கல்முனைத் தாய்மாரும் விசாரிப்பதால் இதை எழுதுகிறேன்.

சொறிக்கல்முனையிலிருந்து போகிறவர்களுக்கு விமானத்தில் ஏறுமுன்னே கட்டுநாயக்க விமான நிலையம் வரை இரவு முழுக்கப் பயணம் இருக்கிறது. இன்சுலின் கெடுவதானால் இங்கேதான் கெடும். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். பாவிக்கும் குப்பி அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும், ஆனால் வெயிலில் நிற்கும் வானுக்குள் தாங்காது. ஐஸ்கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பிறகு பாவிக்கக் கூடாது. விமானத்தின் சரக்குப் பகுதியிலும் உறையக்கூடும் என்பதால்தான் செக்-இன் பெட்டியில் ஒரு குப்பிகூடப் போடுவதில்லை. தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, கையில் கொண்டுபோகும் இரண்டு பைகளில் பிரித்து வைப்பேன். பம்ப் நின்றுபோனால் உதவ ஊசியும், சீனி இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸும் என் காலடிப் பையில் இருக்கும், தலைக்கு மேல் தட்டில் அல்ல.

பாதுகாப்புச் சோதனைக்கு கிளினிக் டொக்டரின் ஆங்கிலக் கடிதம் அவசியம். 100 மில்லிலீட்டர் கட்டுப்பாடு மருந்துக்கு இல்லை, ஆனால் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். பல பம்ப்களையும் சீனி அளக்கும் சென்சர்களையும் எக்ஸ்ரே மெஷினுக்குள்ளோ முழு உடல் ஸ்கேனருக்குள்ளோ விட வேண்டாம் என்று செய்த கம்பனிகளே சொல்கின்றன. கம்பனிக்குக் கம்பனி இது வேறுபடும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். ஒரு விமான நிலையத்தில் "கழற்றித் தட்டில் வையுங்கள்" என்றார்கள். நான் கடிதத்தை நீட்டி, கையால் சோதிக்கும்படி கேட்டேன். ஒரு பெண் அதிகாரி வந்தார். மகளே சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, டியூப் எங்கே போகிறது என்று காட்டினாள். பம்பைத் தொட்ட அவளுடைய விரல்களை அவர் ஒரு துண்டால் துடைத்து, அந்தத் துண்டை மெஷினில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், விட்டுவிட்டார்கள். என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லி வைத்தால் பயப்படாது.

பலருக்குத் தெரியாத ஒன்று, விமானம் மேலே ஏறும்போது நடப்பது. கேபினில் அழுத்தம் குறையும்போது இன்சுலினில் காற்றுக் குமிழிகள் உண்டாகும்; அவை பம்ப் செலுத்தாத இன்சுலினையும் வெளியே தள்ளிவிடும். ஆஸ்திரேலியாவின் புரூஸ் கிங் குழு 2011இல் இதை அளந்து வெளியிட்டது: பம்புக்குள் இன்சுலின் இருக்கும் கார்ட்ரிட்ஜ் நிறைந்திருந்தால் அதிலிருந்து 1 முதல் 1.4 அலகு வரை மேலதிகமாகப் போகிறது. பெரியவர்களுக்கு அது சின்ன அளவு, சிறு பிள்ளைக்கோ சீனி இறங்கப் போதும். கார்ட்ரிட்ஜில் 1.5 மில்லிலீட்டர் மட்டும் வைத்து, புறப்படுமுன் பம்பைக் கழற்றி, மேலே போனதும் குமிழிகளை வெளியேற்றிவிட்டு மாட்டும்படி அவர்கள் எழுதினார்கள். இறங்கும்போது எதிர்மாறாக இன்சுலின் குறையும். அதற்காகத் தரைக்கு வந்தபின் கழற்றி, குழாயில் 2 அலகு ஓடவிட்டு மாட்ட வேண்டும்.

போனை ஃபிளைட் மோடில் போட்டபின் புளூடூத்தை மறுபடி போடுங்கள், இல்லாவிட்டால் சென்சரின் எச்சரிக்கை போனுக்கு வராது. சாப்பாட்டுக்கான இன்சுலினைத் தட்டு முன்னால் வந்தபிறகே கொடுங்கள். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். பம்பின் மணிக்கூட்டை எப்போது மாற்றுவது, ஏறும்போது கழற்றுவதா என்ற இரண்டையும் உங்கள் டொக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். டிக்கட் போட்ட கையோடு கிளினிக்குக்குப் போங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.