எந்த உபதொழில் நமக்கு ஏற்றது?

இரண்டு ஏக்கர் நிலமுள்ள குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த மகனோ மகளோ இருந்தால், "இனி என்ன தொழில்?" என்ற பேச்சு எழுவது இயல்பு. நிலத்து வருமானம் மட்டும் எல்லோருக்கும் போதாது. மாடு வாங்கலாமா, பட்டுப்புழு வளர்க்கலாமா, கோழிப் பண்ணை வைக்கலாமா, வெளியூர் ஆலை வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் நல்ல லாபம் பார்த்தார் என்ற செய்தி வந்ததும் முடிவு செய்துவிடுகிறார்கள். அவருடைய கிணற்றில் எவ்வளவு தண்ணீர், வீட்டில் உழைக்க எத்தனை பேர் என்பதைக் கேட்பதில்லை.

எல்லாத் தொழிலிலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஏற்றத்தைப் பார்த்துத் தொழிலில் இறங்குகிறோம். இறக்கத்தின்போதுதான் நகை அடகுக்குப் போகிறது. எனவே, இறக்கம் எப்போது வரும், அதை நம் குடும்பம் தாங்குமா என்பதையே முதலில் கணக்கிட வேண்டும்.

கறவை மாடு

பால் பணம் வாரா வாரமோ, பதினைந்து நாளுக்கு ஒரு முறையோ கைக்கு வரும். வைக்கோல் நம் வயலிலேயே கிடைக்கும். சாணம் நிலத்துக்கு எருவாகும். இவை ஏற்றங்கள்.

பால் வற்றிய காலமே இறக்கம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். கன்று ஈன்ற 90 நாட்களுக்குள் மீண்டும் சினையானால், அடுத்த கன்று சுமார் 370 நாட்களில் கிடைக்கும். பால் 305 நாட்கள் கறக்கும் என்று கொண்டால், வற்றிய காலம் 65 நாட்களே. ஆனால் சினைப்பருவத்தைத் தவறவிட்டால், ஒவ்வொரு முறையும் 21 நாட்கள் கூடும். மூன்று பருவம் தவறினால் 63 நாட்கள் கூடி, பாலில்லாத நாட்கள் 128 ஆகிவிடும். அத்தனை நாளும் தீவனச் செலவு உண்டு. அதைத் தாங்க முடியாமல்தான் பலர் நல்ல மாட்டை மலிவு விலைக்கு விற்கிறார்கள். காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும்.

பசுந்தீவனம் வளர்க்கத் தண்ணீர் இல்லாதவர்களுக்குக் கலப்பினப் பசு ஏற்றதல்ல.

வெள்ளாடு

மானாவாரி நிலத்தாருக்கு ஏற்றது. முதலீடு குறைவு. சினைக்காலம் ஐந்து மாதம். அவசரத் தேவைக்கு ஓர் ஆட்டை விற்றுக்கொள்ளலாம். ஆனால் அன்றாட வருமானம் கிடையாது. மழைக்காலத்தில் துள்ளுமாரியும், ஆட்டுக்கொல்லி நோயும் பட்டியையே காலி செய்துவிடும். தடுப்பூசி போடாமல் ஆடு வளர்ப்பது காவலில்லாமல் களத்தில் நெல்லைப் போட்டுவைப்பது போன்றது. வேலியோரம் அகத்தி, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை நட்டு வளர்த்த பின்னரே ஆடுகளைப் பெருக்க வேண்டும்.

பட்டுப்புழு

மல்பெரித் தோட்டம் வளர்ந்துவிட்டால் ஆண்டுக்குப் பல முறை பணம் பார்க்கலாம். இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து புழுக்களை வாங்கினால் மூன்று வாரத்துக்குள் கூடு கட்டிவிடும். ஆனால் முழுப் பருவத்திலும் தின்னும் இலையில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் கடைசியான ஐந்தாம் பருவத்திலேயே புழு தின்கிறது. அந்த ஒரு வாரம் வீட்டில் மூன்று நான்கு பேராவது இலை வெட்டிப் போட வேண்டும். அதே வாரத்தில் நெல் அறுவடை வந்தால் இரண்டும் கெடும். கூட்டின் விலையும் சந்தைக்குச் சந்தை ஏறி இறங்கும். அடுத்த வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தாலும் புழு சாகும். ஆகவே அண்டை நிலத்தாரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

கறிக்கோழி

பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் ஒப்பந்த முறையில் பலர் வளர்க்கிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தருகிறது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு நம்முடையவை. சுமார் ஆறு வாரத்தில் கோழி விற்பனைக்குத் தயாராகும். சந்தை விலை சரிந்தால் அதன் அடி பெரும்பாலும் நிறுவனத்தின் மீது விழும். ஆனால் கொட்டகைக் கடன் நம் பெயரில் இருக்கும். அடுத்த குஞ்சு வரத் தாமதமானால் கூலி இல்லை, தவணை மட்டும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் கோழிகள் இறக்கும். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையெழுத்திட வேண்டும்.

வெளியூர் வேலை

இதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் பயிர்ச் செலவுக்கு உதவும். ஆனால் அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு, மகன் போனபின் நிலத்து வேலைக்குக் கொடுக்கும் கூலி எவ்வளவு என்று கழித்துப் பார்த்தே லாபம் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

ஒரு தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் வரவு, செலவு, கடன் தவணை, அந்த மாதத்து வயல் வேலை ஆகிய நான்கையும் எழுதுங்கள். பிறகு உபதொழிலின் வரவு செலவை அதில் பொருத்திப் பாருங்கள்.

உதாரணமாக, சம்பா நெல் பயிரிடுபவருக்குப் பணம் தை, மாசியில் வரும். புரட்டாசி முதல் மார்கழி வரை கை வறண்டிருக்கும். மார்கழி முதல் வாரத்தில் சினையான பசு, புரட்டாசி முதல் வாரத்தில் கன்று ஈனும். கை வறண்ட மாதங்களில் பால் பணம் வரும். அடுத்த ஆடி, ஆவணியில் பால் வற்றும். அந்த இரண்டு மாதத் தீவனச் செலவைத் தை அறுவடைப் பணத்திலேயே ஒதுக்கிவைத்துவிட்டால் மாட்டை விற்க நேராது.

முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளுக்கு வீட்டில் எல்லோரும் கூடி விடை காண வேண்டும்.

1. ஒரு தடவை முழு நஷ்டம் வந்தால், நிலத்தை அடகு வைக்காமல் மீள முடியுமா?

2. அன்றாட வேலை யார் தலையில் விழும்? விடியற்காலையில் பால் கறந்து, சாணம் அள்ளி, தீவனம் வெட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. அவர்கள் சம்மதம் இல்லாமல் மாடு வாங்கக் கூடாது.

3. தொழிலைச் செய்யப்போகும் பிள்ளைக்கு அதில் விருப்பம் உண்டா? விருப்பமில்லாதவர் கையில் ஆடுமாடு தேறாது.

விடைகள் திருப்தியாக இருந்தாலும் சிறிய அளவிலேயே தொடங்க வேண்டும். ஒரு மாடு அல்லது ஐந்து பெட்டை ஆடுகள் போதும். ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்த பிறகு பெருக்கலாம். மாடு வாங்கியவுடன் காப்பீடு செய்து, காதுவில்லை விழாமல் பார்த்துக்கொள்ளவும்.

கடனுக்கு எழுதிக் கொடுக்குமுன் பயிற்சி பெறுவது அவசியம். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் இத்தகைய நிலையங்கள் பயிற்சி அளிக்கின்றன. பயிற்சிக்குப் பெற்றோர் மட்டும் வராமல், தொழிலை நடத்தப்போகும் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பன்னிரண்டு கட்டம் போட்ட தாளையும் கொண்டு வந்தால், உங்கள் நிலத்துக்கும் குடும்பத்துக்கும் பொருந்தும் தொழிலை அங்குள்ள வல்லுநர்களுடன் கலந்து பேசி முடிவு செய்யலாம்.