பிள்ளை கடையட்டும், அம்மம்மா குடிக்கட்டும்

கேள்வி: எங்கள் தொடர்மாடிக் குடும்பங்களின் பிள்ளைகளையும் அம்மம்மா, அப்பப்பாமாரையும் பாடசாலை விடுமுறையில் ஒன்றாக இருத்தி, யப்பானியத் தேநீர் முறையைக் கைவேலைகளோடு அறிமுகப்படுத்த ஆசை. சடங்கு தெரியாத நாங்கள் செய்தால் வேடமாகிவிடாதா? மாச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளில் ஆக்கும் தேநீரைப் பிள்ளைகள் குடிக்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கிமோனோவும் குனிந்து வணங்குவதும் இல்லாவிட்டால் வேடம் என்ற பேச்சே இல்லை. இந்த முறைக்கு வடிவம் தந்த சென் னோ ரிக்கியு (1522–1591) அறையைச் சுருக்கினார், ஆடம்பரத்தைக் கழித்தார். ஒருவர் தன் கையால் ஆக்கி இன்னொருவருக்குக் கொடுப்பதே மிஞ்சியது. அதற்கு ஒரு பாய் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரை விருந்தாளியாக ஏற்கட்டும். மற்ற வேலையெல்லாம் அதற்கான ஆயத்தம்.

இனிப்பில் தொடங்குங்கள். யப்பானில் வெள்ளை அவரையை அவித்து மசித்துச் சீனியோடு கிண்டி, பூவும் இலையுமாகப் பிடிப்பார்கள். நமக்குத் தோல் நீக்கிய பயறு போதும். குழைய அவித்து மசித்து, சீனி போட்டு, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டுங்கள். ஆறியதும் ஈரத்துணியின் நடுவில் ஓர் உருண்டையை வைத்துத் துணியை முறுக்க வேண்டும். பிரித்தால் மடிப்புகள் பதிந்து மொட்டாக நிற்கும். சின்னப் பிள்ளைக்கும் கைவரும் வேலை இது. பயற்றம் உருண்டை பிடித்துப் பழகிய அம்மம்மாவிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

இனிப்பைச் சாப்பிட்டு முடித்த பிறகே தேநீர்; அதில் சீனி இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

மாச்சா ஒருவருக்கு 2 கிராம், தண்ணீர் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர். கொதித்த தண்ணீரை 80 பாகையளவுக்கு ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் கைக்கும். ஒரே மூங்கில் துண்டைக் கீறிச் செய்த 'சாசென்' என்ற கடைகோலை முதலில் இளஞ்சூட்டு நீரில் நனையுங்கள். மோர் கடைவது போலச் சுழற்றக் கூடாது. மணிக்கட்டை அசைத்து முன்னும் பின்னுமாக வேகமாக ஆட்டினால் நுரை எழும். மாச்சாவில் கஃபீன் உண்டு. எனவே பிள்ளைகள் கடையட்டும், பெரியவர்கள் குடிக்கட்டும். பிள்ளைகளுக்கு பார்லியைக் கருகாமல் நன்றாக வறுத்து, அவித்து, வடித்துக் கொடுங்கள். யப்பானியப் பிள்ளைகள் கோடையில் குடிப்பதும் அதுதான்.

கிண்ணமும் செய்யலாம். ராக்கு என்ற யப்பானியத் தேநீர்க் கிண்ணங்கள் சக்கரமில்லாமல் கையாலேயே வனையப்பட்டவை. ஆனால் சூளையில் சுடாத, காற்றில் காயும் களிமண்ணில் செய்ததில் குடிக்கவே கூடாது. அதில் ஒரு பூவை வைத்துவிட்டு வீட்டுக் கிண்ணத்திலேயே பரிமாறுங்கள். முறையாகப் படிக்க விரும்பினால் கொழும்பு 3இலுள்ள சசகாவா நினைவு இலங்கை–யப்பான் கலாசார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மாச்சாவுக்குப் பக்கத்தில் நம் கறுப்புத் தேயிலையையும் ஒரு தட்டில் வையுங்கள். இரண்டும் ஒரே செடியினம். யப்பானில் பறிப்பதற்கு முன் சில வாரம் செடிக்கு நிழல் கட்டி, பறித்த கொழுந்தை உடனே ஆவியில் அவிப்பதால் பச்சை நிற்கிறது. நம்முடையது வாட்டி உருட்டிக் காற்றுப்பட்டுச் சிவக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். அந்தக் கொழுந்தைத் தலைமுறை தலைமுறையாகப் பறிப்பவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள். உங்கள் தொடர்மாடியிலோ பக்கத்து ஒழுங்கையிலோ தோட்டத்தில் கொழுந்தெடுத்த அம்மா ஒருவர் இருந்தால், அன்றைய முதல் விருந்தாளியாக அவரை இருத்துங்கள். கொழுந்தை எப்படிக் கிள்ளுவது என்று அவர் காட்டித் தந்த பிறகு மாச்சா டப்பாவைத் திறக்கலாம்.